ஒருவர் பாக்கி மற்றவர் ஏட்டில்

யூதர் மீது துவேஷமும் நமது மௌனமும்: ஒரு பாடம்



கடை வைத்துப் பிழைக்கும் நம் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. அதை நாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டோம். ஒருவர் வாங்கிய பற்றை மற்றொருவர் பேரில் எழுதக் கூடாது என்பதே அது. மூன்றாவது லயத்துக்காரர் வாங்கிய அரிசிக்கு, அவருக்குச் சொந்தக்காரர் என்பதற்காக ஐந்தாவது லயத்துக்காரரிடம் பணம் கேட்க முடியாது. அப்படி எழுதுகிறவன் வியாபாரி அல்லன், மோசக்காரன். அவன் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தும் பேசாமல் இருக்கிற கூட்டாளிக்கும் அந்த மோசத்தில் பங்குண்டு.

இந்தச் சட்டத்தை உலக விஷயம் ஒன்றில் வைத்துப் பார்ப்பதே இந்த மாதப் பாடம். கலாசாலைகளில் யூதர் மீது காட்டப்படும் துவேஷத்தையும், அதைக் கண்டும் காணாமல் இருக்கும் ஜனங்களின் அலட்சியத்தையும் பற்றி எழுதுகிறோம்.

"முஸ்லிம் சங்கப் பத்திரிகையில் யூதருக்கு என்ன இடம்?" என்று சிலர் கேட்கலாம். "கேமரன் மலையில், திரிங்காப்பில் மளிகைக் கடை நடத்துகிறவருக்கு இந்தக் கவலை எதற்கு?" என்றும் கேட்கலாம். பதில் இதுதான்: நம் தகப்பன்மார் மூட்டை சுமந்தார்கள், நாம் கடை நடத்துகிறோம், நம் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் லண்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பட்டப் படிப்புப் படிக்கிறார்கள். அங்கே அவர்கள் எதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், எதைக் கேட்டு வாய்மூடி இருக்கிறார்கள் என்பது நம் வீட்டு விஷயம். கட்டணம் கட்டுகிற நாம் அதையும் விசாரிக்க வேண்டும்.

மண்டபத்தில் எழுந்த சிரிப்பு

வெகு தூரம் போக வேண்டாம். நம் நாட்டு விஷயத்திலிருந்தே தொடங்குவோம்.

2019 ஜூன் மாதம், அப்போது நம் பிரதமராக இருந்த துன் டாக்டர் மகாதீர் முகமது அவர்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவர்களின் விவாத மன்றத்தில் பேசினார். தமக்கு யூத நண்பர்கள் சிலர் உண்டு என்றும், அவர்கள் மற்ற யூதர்களைப் போன்றவர்கள் அல்லர் என்றும், அதனால்தான் நண்பர்களாய் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். படித்த பிள்ளைகள் நிறைந்த அந்த மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

அதே வருஷம் செப்டம்பர் மாதம் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் பேச அழைக்கப்பட்டார். யூத மாணவர்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் லீ பொலிஞ்சர், யூதரைப் பற்றி அவர் முன்பு சொன்னவை வெறுக்கத் தக்கவை என்று கூறினார். ஆயினும் கூட்டத்தை நிறுத்தவில்லை. பேச்சுச் சுதந்திரம் உண்டென்றால் யூதரைப் பற்றி மட்டும் ஏன் பேசக் கூடாது என்று நம் பிரதமர் அந்த மேடையில் வாதாடினார்.

துன் அவர்கள் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். நாட்டை நெடுங்காலம் ஆண்டவர். மூத்தவரை அவமதிப்பது நம் நோக்கமன்று. நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சிரிப்பையும், அதன் பிறகு இங்கே நிலவிய மௌனத்தையுமே. பலசரக்கு விலையையும் பந்தாட்டத்தையும் பற்றி நாள் முழுவதும் பேசும் நம் கடைத்தெருவில், அந்தப் பேச்சு சரியா தப்பா என்று ஒருவரும் கேட்டதாக நமக்குத் தெரியவில்லை.

"மற்றவர்களைப் போன்றவர் அல்லர்" என்ற சொல்லைத் தராசில் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய மனிதர் ஒரு மேடையில் நின்று, "எனக்கு ஒரு மாமாக் நண்பன் உண்டு, அவன் மற்ற மாமாக்குகளைப் போன்றவன் அல்லன்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு எப்படி இருக்கும்? ஒருவனைப் புகழ்ந்த பாவனையில் ஒரு சமூகம் முழுவதையும் மோசக்காரர் என்று ஏட்டில் எழுதியாகிவிட்டது. நண்பன் என்று சொல்லப்பட்டவனும் அந்த நட்பை எண்ணித் தலைகுனிய வேண்டியதாகிறது.

காஸாவின் துக்கம்

"காஸாவில் நடப்பதைப் பாருங்கள், அதைப் பேசாமல் இதையா பேசுவது?" என்று சகோதரர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காஸாவில் பெண்களும் குழந்தைகளுமாகப் பல்லாயிரக் கணக்கானோர் மாண்டனர். அந்த ஜனாஸாக்களை நினைத்து அழாத கண் நம் வீடுகளில் இல்லை. இஸ்ரேல் அரசு செய்த அநியாயத்தை அநியாயம் என்று சொல்வது நம் கடமை. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் ஆட்கள் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றதும், கிழவர்களையும் குழந்தைகளையும் கூடப் பிடித்துச் சென்றதும் அநியாயம்தான். அதைச் சொல்வதாலும் நம் ஈமான் குறைந்து விடாது.

ஓர் அரசின் பற்றை அந்த அரசின் பேரில் எழுதுவது சரியான கணக்கு. அதை அமெரிக்காவில் புத்தகம் சுமந்து வகுப்புக்குப் போகும் ஒரு யூதப் பெண்ணின் பேரில் எழுதுவது கள்ளக் கணக்கு. அவள் அந்த அரசுக்கு ஓட்டுப் போட்டவளும் அல்லள். குண்டு வீசியவளும் அல்லள். காஸாப் போரை நிறுத்தச் சொல்லி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் போராடிய மாணவர் கூட்டத்திலே யூத மாணவர்கள் பலர் இருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

அந்தக் கள்ளக் கணக்கு எங்கே கொண்டு போய் விடுகிறது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம். 2023 அக்டோபர் மாதக் கடைசியில், நியூயார்க் மாகாணத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த மாணவன் ஒருவன், யூத மாணவர்கள் சாப்பிடும் உணவுக் கூடத்தில் புகுந்து சுடுவேன் என்று எழுதிப் பரப்பினான். நமக்கு ஹலால் இருப்பது போல அவர்களுக்கு கோஷர் என்ற விதி உண்டு. அந்த விதிப்படி உண்பதற்காக இருந்த கூடம் அது. பசித்த நேரத்தில் ஒரு பிள்ளை சோற்றுக்குப் போகப் பயந்தது என்றால் அதைவிடக் கொடுமை என்ன? அவன் 2024 ஆகஸ்டில் 21 மாதச் சிறைத் தண்டனை பெற்றான்.

2023 டிசம்பர் 5-ல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழு ஒன்று மூன்று பெரிய கலாசாலைகளின் தலைவர்களை அழைத்து விசாரித்தது. யூதரைக் கூண்டோடு அழிக்க வேண்டும் என்று ஒருவர் கூவினால் அது உங்கள் கலாசாலை ஒழுங்குக்கு விரோதமா என்று கேட்கப்பட்டது. சமயத்தைப் பொறுத்தது என்ற வகையில் மூவரும் பதில் சொன்னார்கள். நாடு கொதித்தது. சில நாட்களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தலைவரும், அடுத்த மாதம் ஹார்வர்ட் தலைவரும் பதவி விலகினார்கள். முஸ்லிம்களைப் பற்றி அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டு, அதற்கும் "சமயத்தைப் பொறுத்தது" என்று பதில் வந்திருந்தால் நாம் ஏற்றுக்கொண்டிருப்போமா? எண்ணிப் பாருங்கள்.

இதே ஏடு மறுபக்கமும் எழுதப்பட்டது. 2023 நவம்பரில் அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்துப் பர்லிங்டன் நகரில், தெருவில் நடந்து சென்ற மூன்று பலஸ்தீன மாணவர்களை ஒருவன் சுட்டான். அவர்களில் ஒருவர் நடக்க முடியாதவர் ஆனார். அவர்கள் யார் பாக்கிக்காகக் குண்டு வாங்கினார்கள்?

பெஞ்சில் உட்காராத மாணவர்கள்

துவேஷம் முதலில் தெருவில்தான் பிறக்கும், கலாசாலை வாசலில் நின்றுவிடும் என்று படிக்காத நம் போன்றவர்கள் நினைப்பதுண்டு. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்த வருஷம் 1933. அந்த வருஷம் ஏப்ரல் மாதமே, கலாசாலைகளில் புதிதாகச் சேரும் மாணவர்களில் யூதர் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. மே 10-ம் தேதி பெர்லினில் புத்தகங்களை மலைபோல் குவித்து நெருப்பு வைத்தவர்கள் போக்கிரிகள் அல்லர், கலாசாலை மாணவர்கள். பக்கத்து நாடான போலந்தில் யூத மாணவர்கள் வகுப்பின் ஒரு புறத்தில் தனிப் பெஞ்சுகளில்தான் உட்கார வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு 1937-ல் அரசாங்கமே அனுமதி கொடுத்தது. அந்தப் பெஞ்சுகளில் உட்கார மறுத்து யூத மாணவர்கள் பாடம் முடியும் வரை நின்றுகொண்டே கேட்டார்கள்.

அந்த வகுப்பில் மூன்று வகையார் இருந்தார்கள் என்று நாம் எண்ண வேண்டும். தடியைக் காட்டி விரட்டியவர்கள் ஒரு வகை. நின்றவர்கள் ஒரு வகை. தம் இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்து, ஒன்றும் நடவாதது போல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர்கள் மூன்றாம் வகை. மூன்றாம் வகையாரே தொகையில் அதிகம். லவூவ் நகரப் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஸ்தானிஸ்லாவ் குல்சின்ஸ்கி அந்தப் பெஞ்சு உத்தரவில் கையெழுத்திட மனமின்றி 1938-ல் பதவியையே விட்டார். அப்படிப்பட்டவர்கள் சிலரே. அடுத்த சில வருஷங்களில் ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர் கொல்லப்பட்டனர். அந்தப் படுகொலைக்கு ஒத்திகை நடந்த இடங்களில் ஒன்று பாடசாலை வகுப்பு.

மாவு மூட்டையும் கவசமும்

நம் மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? மதரஸாவில் உஸ்தாதுமார் சொல்லிக் கொடுத்ததை நினைவுக்குக் கொண்டு வருவோம்.

திருமறையில் அந்நிஸா அத்தியாயத்தின் 105-ம் வசனம் முதல் சில வசனங்கள் இறங்கிய காரணத்தைத் தப்ஸீர் நூல்கள் விவரிக்கின்றன. மதீனாவில் துஃமா என்பவர் பனூ ளஃபர் என்ற கூட்டத்தைச் சேர்ந்தவர். வெளிப்பார்வைக்கு முஸ்லிம். அவர் அடுத்த வீட்டுக் கவசம் ஒன்றைத் திருடி மாவு மூட்டையில் போட்டு எடுத்துப் போனார். மூட்டையில் ஓட்டை இருந்தது. வழி நெடுக மாவு சிந்திற்று. பிறகு அவர் அந்தக் கவசத்தை ஒரு யூதரிடம் கொடுத்து வைத்தார். தேடி வந்தவர்கள் மாவுத் தடத்தைப் பிடித்து வந்தபோது, துஃமா தமக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தார். பொருளோ யூதர் வீட்டில் அகப்பட்டது. துஃமா கொடுத்து வைத்தது என்று அவர் சொல்லியும் பயனில்லை.

துஃமாவின் கூட்டத்தார் என்ன செய்தார்கள்? நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் போய், எங்கள் ஆளுக்காக வாதாடுங்கள், இல்லாவிட்டால் எங்களுக்கு அவமானம், யூதன் தப்பிவிடுவான் என்று வேண்டிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் வஹீ இறங்கிற்று. மோசக்காரர்களுக்காக வழக்காட வேண்டாம் என்று கட்டளை வந்தது. தான் செய்த பாவத்தை நிரபராதி ஒருவன் மீது சுமத்துகிறவன் அவதூற்றையும் பகிரங்கமான பாவத்தையும் சுமக்கிறான் என்ற கருத்தும் அதில் வந்தது. குற்றமற்ற ஒரு யூதரின் மானத்தைக் காப்பாற்ற அல்லாஹ் தன் வேதத்தில் வசனங்களை இறக்கினான். கியாமத் நாள் வரை முஸ்லிம்கள் தொழுகையில் ஓதும் வசனங்களில் அவையும் சேர்ந்தவை.

சகோதரர்களே, இந்த வரலாற்றில் திருடன் ஒருவன்தான். கூட்டத்தாரோ பலர். அவர்கள் கவசத்தைத் தொடவில்லை. "நம்ம ஆள்" என்ற ஒரே காரணத்துக்காகப் பொய்க் கணக்குக்குச் சாட்சி சொல்லக் கிளம்பினார்கள். இன்று நம்மில் பலர் திருடுகிறவர்கள் அல்லர். ஆனால் அந்தக் கூட்டத்தாரின் குணம் நமக்கு இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ம் வசனம், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கருத்தைச் சொல்கிறது. வெறுப்பே வரக் கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. மனித மனம் எப்படிப்பட்டது என்று படைத்தவனுக்குத் தெரியும். வெறுப்பு வந்த நேரத்திலும் தராசுத் தட்டில் விரல் வைக்காதே என்பதே கட்டளை. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்ற கருத்து திருமறையில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நம் கடைச் சட்டம் அங்கிருந்து வந்ததுதான்.

நாயகம் அவர்கள் வபாத்தான போது அவர்களுடைய கவசம் முப்பது ஸாஉ கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்று ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் உண்டு. கோதுமை என்று நம்மவர் சொல்வது வாற்கோதுமை. வரவு செலவு வைத்திருந்த அண்டை வீட்டார் அவர்கள். ஒரு யூதரின் ஜனாஸா போனபோது நாயகம் அவர்கள் எழுந்து நின்றதும், அது யூதர் ஜனாஸா என்று சொல்லப்பட்டபோது அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டதும் நாம் அறிந்ததே. செத்தவருக்கு எழுந்து நின்ற நபியின் உம்மத், உயிரோடு இருப்பவரைக் கேலி செய்யும்போது சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படிப் பொருந்தும்?

நம் பேரிலும் எழுதினார்கள்

கள்ளக் கணக்கின் வலி நமக்குப் புதிதல்ல. 1915 மே மாதக் கடைசியில் இலங்கையில் கண்டி நகரில், பள்ளிவாசல் பக்கமாகப் போன வெசாக் ஊர்வலத்தை ஒட்டித் தகராறு எழுந்தது. அது பல ஊர்களுக்கும் பரவிற்று. யுத்த கால விலைவாசி ஏற்றத்துக்கெல்லாம் கரையோரச் சோனகர்தான் காரணம் என்ற பேச்சு முன்பே பரவியிருந்தது. கரையோரச் சோனகர் என்றால் யார்? நம் தென்னாட்டுக் கரையிலிருந்து போய் அங்கே கடை வைத்த நம்மவர்களே. கடைகள் சூறையாடப்பட்டன, உயிர்கள் போயின.

நூறு வருஷம் கழித்தும் பாடம் கற்றபாடில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் நாளில் அதே இலங்கையில் சில பாதகர்கள் மாதா கோயில்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்து 250 பேருக்கு மேல் கொன்றார்கள். மே 13-ல் மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்தன. காலையில் ஷட்டரைத் திறந்து வியாபாரம் பார்த்தவருக்கும் அந்தப் பாதகர்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? பாக்கி ஒருவனுடையது, வசூல் செய்தது இன்னொருவனிடம். அன்று எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களைப் பற்றி நாம் என்ன நினைத்தோமோ, அதையே இன்று ஒரு யூத மாணவன் நம்மைப் பற்றி நினைக்க இடம் கொடுக்கலாமா?

நாகூர் ரோட்டுத் தொழுகைக் கூடம்

யூதர் என்றால் நாம் கண்டறியாத ஜாதி என்று நினைக்க வேண்டாம். பினாங்கில் நம் பாட்டன்மார் சூலியா தெருவில் கடை வைத்திருந்த காலத்தில், பக்தாதிலிருந்து வந்த யூத வியாபாரிகளும் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய தொழுகைக் கூடம் 1929 முதல் இருந்த தெரு எது தெரியுமா? நம் நாகூரின் பெயரால் அமைந்த நாகூர் ரோடு. கூட்டுத் தொழுகைக்கு அவர்கள் விதிப்படி பத்து ஆண்கள் வேண்டும். ஜும்ஆவுக்கு ஷாபிஈ மத்ஹபில் நாற்பது பேர் வேண்டியிருப்பது போல. பத்துப் பேர் சேராமல் 1976-ல் அது மூடப்பட்டது. ஆள் சேராத தொழுகையின் துக்கம் என்னவென்று மலைப் பக்கத்துச் சின்ன ஊர்களில் இருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களுடைய மையவாடி இன்றும் பினாங்கில் இருக்கிறது. அந்த வீதிக்கு முன்பு யஹூதி ரோடு என்று பெயர். பிறகு ஜாலான் ஜைனல் ஆபிதீன் என்று மாறியது. அங்கே கடைசியாக ஒருவர் அடக்கமானது 2011-ல்.

இன்னொன்றும் சொல்வோம். அவசரகாலத்தில் காடும் தோட்டமுமாகிய இந்த மலைப் பிரதேசம் பட்ட பாட்டை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தச் சண்டையை நிறுத்த 1955 டிசம்பரில் பாலிங்கில் பேச்சு நடந்தது. சின் பெங்குக்கு எதிரே மூவர் அமர்ந்தார்கள்: துங்கு அப்துல் ரஹ்மான், டான் செங் லோக், சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். மார்ஷல் ஒரு யூதர். நம் சமாதானத்துக்காகத் துங்குவின் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவரும் "மற்றவர்களைப் போன்றவர் அல்லர்" என்றுதான் சொல்லப் போகிறோமா?

கணக்கைத் திருத்தியவர்கள்

நம்மவர்களில் கணக்கைத் திருத்தியவர்களும் உண்டு. 1922-ல் மருத்துவம் படிக்க எகிப்திலிருந்து பெர்லின் போனவர் டாக்டர் முஹம்மது ஹெல்மி. ஹிட்லர் ஆட்சியில் அவரே இன்னலுக்கு ஆளானவர். ஆயினும் ஒரு யூதப் பெண்ணை யுத்தம் முடியும் வரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார். அல்பேனியாவில் முஸ்லிம் குடும்பங்கள் பல யூதரை விருந்தாளியாக வீட்டுக்குள் வைத்தன. கொடுத்த வாக்கைக் காப்பதை அந்நாட்டார் 'பெஸா' என்பார்கள். யுத்தம் முடிந்தபோது அங்கே யூதரின் தொகை முன்பிருந்ததைவிட அதிகமாய் இருந்தது.

2008 நவம்பரில் பம்பாயில் படுகொலை நடந்தது. அங்கே நாரிமன் இல்லத்தில் யூத குரு ஒருவரும் அவர் மனைவியும் மற்றும் சிலரும் கொல்லப்பட்டார்கள். கொலைகாரர்களில் மாண்ட ஒன்பது பேரின் பிரேதங்களை அடக்க, மரைன் லைன்ஸ் பெரிய கபருஸ்தானை நிர்வகிக்கும் ஜும்ஆ மஸ்ஜித் டிரஸ்டார் இடம் தர மறுத்தார்கள். "நம்ம ஆள்" என்று சொல்லிக்கொண்டு வந்த பிணத்துக்கு, எங்கள் ஏட்டில் உனக்குப் பக்கம் இல்லை என்று பதில் சொன்னார்கள். பனூ ளஃபர் கூட்டத்தார் செய்யத் தவறியதை பம்பாய் ஜமாஅத்தார் செய்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

இவை பெரிய இடத்து விஷயங்கள். திரிங்காப்பிலும் கம்போங் ராஜாவிலும் பிரிஞ்சாங்கிலும் இருக்கும் நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நாவைக் காக்கலாம். காசில் கெட்டியான ஒருவரை, வட்டிக்காரரை, கொடுமைக்காரரைத் திட்ட "யஹூதி" என்ற சொல்லை எடுப்பதை நிறுத்த வேண்டும். பிள்ளைகள் அகராதியைக் கலாசாலையில் கற்பதில்லை. கல்லாப் பக்கத்தில் கற்கிறார்கள்.

இரண்டாவது, பக்கத்தில் இருப்பவரிடமே பழகிப் பார்க்கலாம். காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் ஒரு தப்புச் செய்தால், "இவன்களே இப்படித்தான்" என்ற பேச்சு மறு நிமிஷம் நம் கடை வாசலுக்கு வருகிறது. அந்த இடத்தில் "செய்தவர் யார், அவரைச் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பழகியவனுக்கே, நாளைக்கு ஒரு யூதரைப் பற்றிய பேச்சிலும் நாக்கு எழும்.

மூன்றாவது, வெளியூரில் படிக்கும் பிள்ளையிடம் டெலிபோனில் பேசும்போது, காசு போதுமா, சாப்பிட்டாயா என்பதோடு இன்னொன்றும் கேட்கலாம்: "உன் வகுப்பில் பயந்துகொண்டு வரும் பிள்ளை யாராவது உண்டா? அதற்குப் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்?" பலஸ்தீனத்துக்காக ஊர்வலம் போகிறாயா, போ. அந்த ஊர்வலத்தில் எவனாவது யூதரைக் கொல் என்று கூவினால், வாயை மூடு என்று முதலில் சொல்கிறவன் நீயாக இரு. அநியாயம் செய்கிற சகோதரனுக்குச் செய்யும் உதவி, அவன் கையைப் பிடிப்பதே என்பது நாயகம் அவர்கள் காட்டிய வழி. அதனால் பலஸ்தீனத்தின் நியாயம் குறையாது. சரியான தராசு உள்ள கடைக்குத்தான் ஜனங்கள் வருவார்கள். சரியான நாவு உள்ளவன் சொல்லும் நியாயத்தைத்தான் உலகமும் காது கொடுத்துக் கேட்கும்.

வாராந்தர வகுப்பில் பேசுவதற்கு

ஒன்று: துஃமாவின் கூட்டத்தார் எதற்காக வாதாடினார்கள்? அந்தக் காரணம் நம் சங்கத்திலும் மஹல்லாவிலும் எப்போது தலைகாட்டுகிறது?

இரண்டு: ஓர் அரசைக் கண்டிப்பதற்கும் ஒரு சமூகத்தைத் துவேஷிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை, பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வது?

மூன்று: போலந்து வகுப்பில் நாம் மாணவராய் இருந்திருந்தால், எந்த வகையில் இருந்திருப்போம்? உட்கார்ந்திருப்போமா, எழுந்து நின்றிருப்போமா?

மூன்றாம் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்து, அடுத்த வாரம் வந்து சொல்லலாம்.

வருஷக் கடைசியில் நாம் ஏடுகளை எடுத்து, ஒவ்வொரு பேருக்கும் நேரே பற்றையும் வரவையும் ஒத்துப் பார்க்கிறோம். நமக்கும் ஓர் ஏடு எழுதப்படுகிறது. அதில் நாம் செய்தவை மட்டுமல்ல, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவையும் இருக்கும். அந்த ஏட்டைச் சுத்தமாகக் கையில் வாங்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.